எதையும் மறக்காதவளிடம் நான் சொன்ன பொய்

சேவியர்,

எட்டு வயதில் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ. அடுப்படியில் கஞ்சி கொட்டிக் கிடந்தது. உன் அம்மாவைப் பக்கத்து வீட்டுப் பெண்கள் தூக்கிக்கொண்டிருந்தார்கள். நீ என் கைலியைப் பிடித்து இழுத்து, "நைனா, அம்மா ஏன் உன்னாட்டமே பேசுச்சு?" என்றாய். "ஜொரத்துல பெனாத்துதுடா, போ வெளிய" என்றேன். உன் அம்மாவுக்கு அன்று ஜுரமும் இல்லை, ஒன்றும் இல்லை. பதினாலு வருஷமாக அந்தப் பொய்யை வைத்துக்கொண்டுதான் உன்னோடு உட்கார்ந்து சோறு தின்கிறேன்.

நாளை மறுநாள் பெங்களூருக்கு ரயிலேறுகிறாய். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில், மனசு சரியில்லாதவர்களோடும் வலிப்பு வருகிறவர்களோடும் உட்கார்ந்து பேசுவதுதான் உன் வேலை என்றாய். "பேசுறதுக்குக்கூடவா மாமு சம்பளம் தர்றான்?" என்று எதிர்வீட்டு அந்தோணி கேட்டபோது நானும் சேர்ந்துதான் சிரித்தேன். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, உன் தோஸ்துகளோடு வாசலில் நின்று நீ பேசியதைக் கேட்டேன். வலிப்பு வருகிறவர்களில் சிலருக்கு ஞாபகசக்தி நம்ப முடியாத அளவுக்கு இருக்குமாம். அப்படி ஒரு ஆள் கையில் கிடைத்தால் வருஷக்கணக்கில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருக்கலாமாம். "எங்கம்மாவே அப்டித்தான்டா" என்று பெருமை வேறு. அப்போது உன் கண்ணில் ஒரு பளபளப்பு வந்தது. அது எனக்கு நன்றாகப் பழக்கமான பளபளப்பு. அதனால்தான் இந்தக் கடிதம். நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. துறைமுகச் சங்கத்துக்கு இருபது வருஷம் மனு எழுதிய கை இது. பேனாவைப் பிடித்தால்தான் எனக்கு உண்மை வரும். மனுவில் எழுதியதெல்லாம் உண்மையா என்று மட்டும் கேட்காதே.

உன் அம்மா ஞானத்தை நான் கட்டிக்கொண்டபோது அவளுக்கு வலிப்பு உண்டு என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கட்டியிருப்பேன் என்று இப்போது வீரம் பேசலாம். சத்தியமாகக் கட்டியிருக்க மாட்டேன். கல்யாணமான மூன்றாம் மாதம், பகல் ஷிப்டு முடிந்து வீட்டுக்குள் காலை வைக்கிறேன், தரையில் கிடந்து வெட்டிக்கொண்டிருக்கிறாள். வாசல் முழுக்க ஜனம். "இரும்பு குடு, கையில இரும்பு குடு" என்று ஆளாளுக்குக் கத்துகிறார்கள். சாவிக்கொத்து தேட எனக்குப் பொறுமையில்லை. மூட்டை இழுக்கிற கொக்கி இடுப்பிலேயே இருந்தது. எடுத்து அவள் வலது கையில் திணித்துவிட்டேன். வலிப்பில் விரல் மடங்கும்போது என்ன பலம் இருக்கும் என்று எனக்கென்ன தெரியும்? கொக்கியின் முனை உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. சின்ன வயதில் நீ விரல் வைத்து விளையாடுவாயே, அம்மா உள்ளங்கைக் குழி, அது நான் வைத்தது. எங்கள் சந்துக் கிழவி ஒருத்தி, "யேசுவோட காயம் மாரியே கீதுப்பா" என்று சிலுவை போட்டுக் கும்பிட்டாள். "போம்மா அந்தாண்ட" என்று விரட்டினேன். இரும்பு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் வலிப்பு தானாகத்தான் நிற்கும் என்று தெரிந்துகொள்ள எனக்குப் பன்னிரண்டு வருஷமும் ஒரு டாக்டரம்மாவும் தேவைப்பட்டார்கள். நீ வேலை பார்க்கிற இடத்திலும் எவனாவது சாவிக்கொத்தோடு ஓடிவருவான். அவனைத் திட்டாதே. அவன் கையைப் பிடித்துக்கொள், போதும்.

அவளுடைய ஞாபகத்தைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் நீ பிறப்பதற்கு முன்னால் அது எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. ராயபுரத்தில் எங்கள் சந்தில் இரண்டு பெண்கள் சண்டை போட்டால், "ஞானத்த கூப்டு" என்பார்கள். இவள் போய் நின்று, மூன்று வருஷத்துக்கு முன்னால் ஞானஸ்நான வீட்டில் யார் யாரை என்ன சொன்னாள் என்று ஒரு சொல் பிசகாமல் சொல்வாள்; சொன்னவளின் குரலிலேயே சொல்வாள். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். பிறகு யாருமே இவளைக் கூப்பிடுவதில்லை. ஒரு தவக்காலத்தில் சாமியாரிடமே போய், "ஃபாதர், போன வருசமும் இந்தக் கததான் சொன்னீங்க, அப்ப காணாமப் போன ஆடு ஒண்ணு, இந்த வருசம் மூணு" என்று சொல்லிவிட்டாள். நான் எந்தக் கப்பல் எந்த பெர்த்தில் நின்றது, அதில் என்ன சரக்கு என்று சாப்பிடும்போது சும்மா சொல்வதெல்லாம் அவள் தலையில் அப்படியே கிடக்கும். "துறைமுகத்துல ஒரு வேல வாங்கித் தரவா உனுக்கு?" என்று கிண்டல் செய்வேன். சிரிப்பாள். பெருமையாகத்தான் இருந்தது எனக்கு.

பயம் வந்தது வேறொன்றால். வலிப்பு வருவதற்கு முன்னால் "புளி கருவுது" என்பாள். அடுப்பில் புளியே இருக்காது. பிறகு வலது கை புடவை ஓரத்தைப் பிய்க்க ஆரம்பிக்கும். கண் நமக்குப் பின்னால் எங்கேயோ போய் நிற்கும். அப்புறம் பேசுவாள். என்றைக்கோ நடந்த ஒன்று, அதில் இருந்த எல்லோருடைய பேச்சும், எல்லோருடைய குரலும் அவள் வாயில் வரும். செத்துப்போன அவளுடைய அப்பா இருமுவார். ஐஸ் விற்கிறவன் மணி அடித்துக் கூவுவான். ஒரு நிமிஷம், மிஞ்சினால் இரண்டு நிமிஷம். அதன்பிறகு விழுவாள். எழுந்ததும் கேட்டால், "அங்க போயிட்டு வந்தேன்" என்று மட்டும் சொல்வாள். பேய் என்றார்கள். மந்திரிக்கக் கூட்டிப் போனோம், கயிறு கட்டினோம், கடற்கரைக் கோயிலில் ஒன்பது வெள்ளிக்கிழமை நின்றோம். ஒன்றும் நிற்கவில்லை.

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம். உனக்கு முன்னால் பிறந்தவள் பிலோமினா. கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தி ஏற்றும்போது மட்டும் நீ கேட்ட பெயர். எங்களுக்கு அவள் பிலோ. என் வேலை என்ன என்று உனக்குத் தெரியும்: கப்பலின் சரக்கு அறைக்கு மேலே விளிம்பில் நின்று, சுமை தூக்குகிற விஞ்ச் ஓட்டுகிறவனுக்குக் கை காட்டுவது. அவனுக்கு உள்ளே இருப்பது தெரியாது. நான்தான் அவனுக்குக் கண். தூக்கு என்றால் "ஹபீஸ்", இறக்கு என்றால் "ஆரியா". துறைமுகத்தில் எல்லாப் பாஷைக்காரனும் அந்த இரண்டு வார்த்தைக்குக் கட்டுப்படுவான். பிலோ அதைப் பிடித்துக்கொண்டாள். தோளில் ஏற்ற வேண்டுமென்றால் "ஹபீஸ்" என்பாள். இறக்கிவிட வேண்டுமென்றால் "ஆலியா". அவளுக்கு ர வராது. ஒருமுறை பூசை நடுவே, சாமியார் அப்பத்தைத் தூக்கிப் பிடித்த நேரத்தில், என் தோளில் உட்கார்ந்தபடி "ஆலியா, ஆலியா" என்று கத்தினாள். சாமியாருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நான்கு வயதில் தொண்டை அடைப்பான் வந்து மூன்றே நாளில் போய்விட்டாள். தொத்துவியாதி ஆஸ்பத்திரியில் ஞானம்தான் கூட இருந்தாள். நான் டபுள் ஷிப்டில் இருந்தேன். கப்பல் காலியாக வேண்டும், மாற்று ஆள் இல்லை என்றார்கள். புள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று நானும் நினைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் சாயங்காலம் ஓடுகிறேன், கட்டில் காலியாக இருக்கிறது. கட்டிலுக்குக் கீழே தரையில் ஞானம் உட்கார்ந்திருக்கிறாள். பிலோவுக்கு ஒரு போட்டோகூட இல்லை. அந்த வருஷம் மாதா திருவிழாவுக்குக் கவுன் தைத்துப் போட்டு ஸ்டூடியோவுக்குக் கூட்டிப் போவதாக இருந்தோம். கடைசியாக அவள் என்ன சொன்னாள் என்று நான் ஞானத்திடம் கேட்கவில்லை. "பெத்தவள கேக்காத, கேட்டா வலிப்பு வந்துரும்" என்று எல்லோரும் சொன்னார்கள். நல்லதாகப் போயிற்று என்று நானும் அந்தப் பேச்சுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். ஆனால் ஒரு நாள் விடாமல் மனசுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தேன். என்ன சொன்னாள்? என்னைத் தேடினாளா?

எட்டு மாதம் கழித்து, நீ வயிற்றில் மூன்று மாதம். பட்டப்பகல். ஞானம் வாசலில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். "புளி கருவுது" என்றாள். நான் எழுந்து வருவதற்குள் அவள் வாயிலிருந்து, "நைனா, ஆலியா. ஆலியா நைனா. காலு மலத்துப் போச்சு. கப்பலு போதும்" என்று பிலோ பேசினாள். ஞானம் பிலோவைப் போலப் பேசினாள் என்று நான் எழுதவில்லை, பார். பிலோ பேசினாள். அந்த மூச்சு, மூக்கை உறிஞ்சுவது, எல்லாம். அது நாங்கள் கடலோரச் சுவரில் நின்று கப்பல் பார்த்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. அடுத்து என் சிரிப்பும் அவள் வாயிலிருந்து வந்தது. அவள் விழுந்தாள். நெத்திலி எல்லாம் மண்ணில். நான் அவளைப் பிடிக்கவில்லை, சேவியர். சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, இன்னொரு வார்த்தை வருமா என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து எனக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது. அவளுக்கு நோய், எனக்குப் பைத்தியம். புளி கருவுது என்று அவள் சொன்னால் வேறு புருஷனாயிருந்தால் பாயை இழுத்துப் போடுவான், தலைக்குத் துணி வைப்பான். நான் எதிரே குந்தி உட்கார்ந்து காதைக் கொடுப்பேன். பிலோ குளிக்க அடம் பிடிப்பாள், தலை பின்னும்போது அழுவாள், பொரி கேட்பாள். நான் வீட்டில் இல்லாதபோது நடந்ததெல்லாம் எனக்குக் கிடைத்தது. ஆனால் ஆஸ்பத்திரி மட்டும் வரவே இல்லை. நான் காத்திருந்தது அதற்குத்தான். சில வலிப்பில் பேச்சே இருக்காது. பல்லைக் கிட்டித்துக்கொண்டு அப்படியே சாய்வாள், நாக்கு கிழிந்து வாயோரம் ரத்தம் வழியும். பெண்கள் கரண்டிக் காம்பை எடுத்துக்கொண்டு ஓடிவருவார்கள். எனக்கு உள்ளுக்குள் என்ன ஓடும் தெரியுமா? "சே, இன்னிக்கு ஒண்ணும் இல்ல." நாக்கு கிழிந்து கிடக்கிறவளைப் பார்த்து வரக்கூடிய நினைப்பா இது? எனக்கு வந்தது.

ஆறு வருஷம் டாக்டரிடம் கூட்டிப் போகாததற்கும் இதுதான் காரணம். கேட்டவர்களிடம் லீவு இல்லை என்றேன். கடைசியில் ரயில்வே கேட்டில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் விழுந்துவிட்டாள். அந்தோணி பெண்சாதி வந்து, "பொண்டாட்டிய சாவ வுட்டுட்டு வேடிக்க பாக்குறியா நீ?" என்று நடுத்தெருவில் என்னைக் கிழித்தாள். பிறகுதான் போனோம். இளவயசு டாக்டரம்மா ஒருத்தர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். "தினமும் ஒண்ணு. ஒரு நாளும் விடக்கூடாது. திடீர்னு நிறுத்தினா முன்னைவிட மோசமா வரும்" என்றார். மாத்திரையைப் பிஸ்கட் டப்பாவில் போட்டு மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். சாயங்காலம் கோயில் மணி அடித்ததும் நானே எடுத்துக் கொடுப்பேன். நின்றுவிட்டது. இரண்டு வருஷம் ஒரு வலிப்பு கிடையாது. உன் அம்மாவுக்குக் கன்னத்தில் சதை வைத்தது. தனியாகக் காசிமேட்டுக்குப் போய் மீன் வாங்கி வந்தாள், உன்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனாள். சந்தே சந்தோஷப்பட்டது. நானும் எல்லோரிடமும் சிரித்தேன். ஆனால் வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் பிலோ இரண்டாவது தடவை செத்துப்போனாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. முதல் தடவை வராத அழுகை அப்போதுதான் வந்தது, கப்பல் விளிம்பில் நின்றுகொண்டு.

அரிசிக்கு ஊரே வரிசையில் நின்ற வருஷம். பிலோவின் பிறந்தநாள். கோயில் மணி அடித்தது. டப்பாவைத் திறந்தேன், மாத்திரையை எடுத்தேன், திரும்ப உள்ளே போட்டு மூடிவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து ஞானம் வந்து, "மாத்திர குடு" என்றாள். நான், "குட்த்துட்டேனே ஞானம், மறந்துட்டியா?" என்றேன்.

யாரிடம் சொன்னேன் என்று பார். மூன்று வருஷத்துக்கு முந்திய சண்டையை ஒரு சொல் விடாமல் சொல்கிறவளிடம். சாமியாரின் ஆட்டைக் கணக்கு வைத்தவளிடம். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அப்டியா... சரி" என்று சொல்லிவிட்டு உலையில் அரிசி போடப் போய்விட்டாள். மாத்திரை அவள் ஞாபகத்தை மழுக்கிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு வசதியான நினைப்பு! மறுநாளும் அதே பொய். அதற்கு மறுநாளும்.

நான்காம் நாள் காலை. எனக்கு மதிய ஷிப்டு. நீ பள்ளிக்கூடம் விடுமுறை என்று வாசலில் பம்பரம் விட்டுக்கொண்டிருந்தாய். உன் அம்மா அடுப்பிலிருந்து சோற்றுப் பானையை இறக்கி, கஞ்சி வடிக்கச் சாய்த்துப் பிடித்திருந்தாள். "புளி கருவுது" என்றாள். இரண்டு வருஷம் கழித்து அந்த வார்த்தை. என் நெஞ்சு குதித்தது. கொதிக்கிற பானை அவள் கையில் இருக்கிறது, எட்டி வாங்கியிருக்கலாம், இரண்டே அடி. நான் என்ன செய்தேன் என்றால், எதிரே குந்தி உட்கார்ந்தேன்.

அவள் வாய் திறந்தது. பிலோ வரவில்லை. ஒரு ஆம்பிளைக் குரல் வந்தது. "குட்த்துட்டேனே ஞானம், மறந்துட்டியா?" என் குரல். அடுத்து அவள் குரலில், "சரி." மறுபடி அவள் வாயில் நான், "குட்த்துட்டேனே ஞானம்" என்று ஆரம்பித்து, நடுவில் இருமி, "மறந்துட்டியா?" என்றேன். இரண்டாம் நாள் சாயங்காலம் நான் இருமினேன். எனக்கே அப்போதுதான் ஞாபகம் வந்தது. மூன்றாவது முறை, "குட்த்துட்டேனே" என்று சொல்லி அவள் வாய் அப்படியே நின்றது. எதற்கு நிற்கிறாள் என்று புரியவில்லை. அப்புறம் புரிந்தது. மூன்றாம் நாள் அந்த இடத்தில் கோயில் மணி அடித்தது, அது முடியட்டும் என்று நான் காத்திருந்தேன். இப்போது மணி இல்லை. ஆனால் அவள் அந்த மணி முடிகிற வரைக்கும் காத்திருந்தாள். சேவியர், அந்த வெறும் இடைவெளியில் நான் செத்துப் பிழைத்தேன். மணி முடிந்ததும், "மறந்துட்டியா ஞானம்?" "சரி."

அதோடு விடவில்லை. அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மாத்திரையை டப்பாவில் திரும்பப் போடும்போது, உதடுகூட அசையாமல் நான் முணுமுணுத்தது ஒன்று உண்டு. மாதாவுக்கே கேட்டிருக்காது என்று நினைத்தேன். அதையும் என் குரலில் சொன்னாள். "பிலோ, ஒரே ஒருவாட்டி வாம்மா." பிறகு விழுந்தாள். பானையும் அவள் மேல் விழுந்தது.

நீ அப்போதுதான் உள்ளே ஓடிவந்து அந்தக் கேள்வியைக் கேட்டாய். அம்மா ஏன் உன்னாட்டமே பேசுச்சு? இதோ பதில். அது நான் பேசியதுதான் ராசா. அவளுடைய இடது தோளில் இருக்கிற வேக்காட்டுத் தழும்பு வலிப்பினால் வந்ததில்லை, என்னால் வந்தது. உள்ளங்கையில் இருப்பது தெரியாமல் செய்தது. தோளில் இருப்பது தெரிந்தே செய்தது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக் கிடந்தபோது அந்த டாக்டரம்மா வந்தார். கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு, "மாத்திரை தவறாம குடுத்தீங்களா?" என்று என்னைக் கேட்டார். ஞானம் கண்ணைத் திறந்தாள். "குட்த்தாரு டாக்டரு. ஒரு நாளும் வுடல" என்றாள். அவள் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே பொய் அதுதான். மற்ற எல்லோர் பேச்சையும் ஒரு சொல் மாறாமல் வைத்திருந்தவள், எனக்காக ஒரு சொல்லை மாற்றிச் சொன்னாள். டாக்டரம்மா அதை நம்பி, மாத்திரை போதவில்லை போலிருக்கிறது என்று இரண்டாக்கிவிட்டார். ஒரு வருஷம் பகலெல்லாம் தூங்கி வழிந்தாள். நீ தலை வாராமல் பள்ளிக்குப் போய் அடி வாங்கினாயே, அந்த வருஷம். நீ பார்க்கப்போகிற வேலையில் இதை மறக்காதே: புருஷன் பக்கத்தில் நிற்கும்போது பெண்சாதியைக் கேட்காதே, அம்மா நிற்கும்போது பிள்ளையைக் கேட்காதே. நல்லவனாகத் தெரிகிறவனை முதலில் வெளியே அனுப்பு. என்னை எல்லோரும் நல்லவன் என்றுதான் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு நான் ஒரு மாத்திரையும் விடவில்லை. அவளும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கோபித்துக்கொள்ளவில்லை, முகத்தைத் திருப்பவில்லை. எதையும் மறக்காத ஒருத்தியோடு பதினாலு வருஷம், ஒன்றும் நடக்காதது போல. அவள் சும்மா என்னைப் பார்த்தால்கூட எனக்குப் பயம்தான். எந்த நிமிஷம் வாயைத் திறந்து என் குரலில் பேசப்போகிறாளோ என்று.

போன ஞாயிற்றுக்கிழமை நீ தோஸ்துகளோடு வெளியே போனதும், நான் பாயில் உட்கார்ந்திருந்தேன். நீ பேசியதை அவளும் கேட்டிருக்கிறாள். உன் சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டே, "நம்ம கதயத்தான் படிக்கப் போறான் போல உம்புள்ள" என்றாள். எனக்கு என்ன தைரியம் வந்ததோ தெரியவில்லை. இருபத்து மூன்று வருஷமாக உள்ளே கிடந்தது வெளியே வந்துவிட்டது. "ஞானம், பிலோ கடைசியா இன்னா சொல்லிச்சு?" என்றேன்.

மடிப்பதை நிறுத்தினாள். "இப்பத்தான் கேக்கணும்னு தோணிச்சா உனுக்கு?" என்றாள். குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்கவில்லை. "நான் எப்ப வுழுவேன் எப்ப வுழுவேன்னு குந்திகினு கெடந்தியே. எழுந்து உக்காந்துகினு இருக்கசொல்ல ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லிருப்பேனே."

பிறகு சொன்னாள். பிலோவின் குரலில் சொல்லவில்லை, தன் குரலில், மெதுவாகச் சொன்னாள். "ஆஸ்பத்திரி கட்டிலு ஒசரம். அதுக்கு பயம். 'ஆலியா, ஆலியா'ன்னு கைய நீட்டிகினே இருந்துச்சு. எறக்கக் கூடாதுன்னு நர்சம்மா சொல்லிட்டாங்க. 'நைனா வந்து எறக்குவாரு, தூங்கு'ன்னேன். வாசலயே பாத்துகினு இருந்துச்சு. அவ்ளோதான்."

"வலிப்புல எல்லாம் வந்துச்சு, இது மட்டும் ஏன் வரல?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவள் உன் சட்டையை மறுபடி மடிக்க ஆரம்பித்தாள். "வராம இன்னா? எத்தினியோ வாட்டி வந்துச்சு. நீ எதுக்கால குந்திகினு இருப்ப. உன் காதுல வுழக்கூடாதுன்னு பல்ல கடிச்சுக்குவேன். நாக்கு கிழிஞ்ச அன்னிக்கெல்லாம் அதான்" என்றாள்.

வலிப்பில் நாக்கைக் கடிப்பது நோயின் குணம், மனசால் ஆவதில்லை என்று உன் புத்தகத்தில் எழுதியிருக்கலாம். நீ படித்தவன், உனக்குத் தெரியும். நான் அவள் நாக்கைப் பார்த்தவன். "சே, இன்னிக்கு ஒண்ணும் இல்ல" என்று நான் நினைத்த ஒவ்வொரு நாளும் அது அங்கேதான் இருந்திருக்கிறது, அவள் பல்லுக்குப் பின்னால்.

சேவியர், உன் முன்னால் அப்படி ஒரு ஆள் வந்து உட்காருவார். எல்லாம் ஞாபகம் இருக்கிறவர். உனக்கு ஆசையாக இருக்கும், இன்னும் இன்னும் கேட்கத் தோன்றும். அப்போது என்னை நினைத்துக்கொள். அந்த ஞாபகத்தில் நீயும் இருக்கப்போகிறாய். நீ அவரை எப்படிப் பார்த்தாய், உன் குரல் எப்படி இருந்தது, எல்லாம் அங்கே போய்ச் சேரும். அவர் விழட்டும் என்று காத்திருக்காதே. முதலில் பானையை வாங்கிக் கீழே வை. அப்புறம் கேள், நேராக, அவர் எழுந்து உட்கார்ந்திருக்கும்போது. சொல்ல மாட்டேன் என்றால் விட்டுவிடு. இதைப் படித்துவிட்டு என்னிடம் பேசாமலேயே நீ ரயிலேறினாலும் எனக்கு வருத்தமில்லை. அம்மாவிடம் மட்டும் ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டுப் போ. மாத்திரை டப்பா இப்போது அவளிடம்தான் இருக்கிறது. நான்தான் கொடுத்தேன், ஞாயிற்றுக்கிழமையே.

இன்னும் ஒன்று. அவள் அதைச் சொல்லி முடித்தபோது எனக்கு அழுகைகூட வரவில்லை. என் வலது கை தானாக மேலே போயிற்று. முப்பது வருஷம் கப்பல் விளிம்பில் காட்டிய கை. உள்ளங்கையைக் கீழே கவிழ்த்து, அவசரப்படாமல், ஆடாமல், கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். வாய் மட்டும் "ஆரியா... ஆரியா..." என்று சொல்லிக்கொண்டிருந்தது. உன் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உன் அம்மா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை தரையைத் தொட்டது. "எறங்கிடுச்சு" என்றாள்.

உன் நைனா